சிறுவர் இல்லத்தில் யாரைக் காணச் செல்கிறோம்?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் திருமுக்கூடலில், அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உண்டு. கி.பி. 1068-ஐ ஒட்டியது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று அதில் கூறப்படுவதால், மருத்துவ வரலாறு எழுதுவோர் அதனைத் தவறாது எடுத்துக்காட்டுவர். நம் கருத்தை ஈர்ப்பது அதன் மற்றொரு பகுதி. மறை பயின்ற மாணவர்க்கு உணவும் உறைவிடமும் தந்த விடுதி ஒன்றும் அங்கு இருந்தது. படுக்கப் பாய், இரவில் எரிய விளக்கு, சனிக்கிழமைதோறும் தேய்த்து நீராட எண்ணெய் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒதுக்கீடு செய்து கல்லில் வெட்டி வைத்தனர்.

அவ்விடுதி எல்லார்க்கும் திறந்ததன்று. மறை ஓதும் குலத்தார்க்கே அது உரியது. நாதியற்ற ஏழைப் பிள்ளைக்கு அதன் வாயில் திறந்திராது. இதனை மறைத்துப் பழம்பெருமை பேச நாம் விரும்பவில்லை. ஆயினும் எழுதிய முறையில் நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. மாணவரை நன்கு பேணுக என்று பொதுப்பட எழுதி முடித்திருந்தால், பின்னர் வருபவர் எதனைக் கேட்பார்? எண்ணெய் என்று எழுதியதனால், எண்ணெய் கிடைத்ததா என்று கேட்க வழி பிறந்தது. அருகிலுள்ள உத்திரமேரூர்ச் சபையாரும் கணக்கு வகையில் கண்டிப்பானவர்களே. கி.பி. 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர் எனக் காண்கிறோம்.

இன்று சிறுவர் இல்லங்களைச் சென்று கண்டு அறிக்கை தரும் பணிக்கு வெளியார் பலர் அழைக்கப்படுகின்றனர். மருத்துவர், சமூகப் பணியாளர், குழந்தைகள் நலனில் தேர்ந்தோர் முதலானோர் இதற்கு வேண்டப்படுகின்றனர். நம் பங்குக் குடும்பங்களிலும் இத்தகையோர் உள்ளனர். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 54-ஆம் பிரிவில் ஆய்வுக் குழுக்களைப் பற்றிப் பேசுகிறது. மூவர்க்குக் குறையாத குழு, அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும், மூன்று மாதத்திற்கு ஒரு முறையேனும் செல்லுதல், ஒரு வாரத்திற்குள் அறிக்கை என்பன அதன் விதிகள். அடுத்த பிரிவோ, குழந்தைகள் நலக் குழு முதல் இல்லங்கள் வரை அனைத்தின் செயற்பாட்டையும் தனித்து மதிப்பிட, அதற்கென விதிக்கப்படும் நபர்களையோ நிறுவனங்களையோ பயன்படுத்த அரசுக்கு இடமளிக்கிறது.

இத்தகைய ஆய்வு நாடெங்கும் வலுப்பெறக் காரணமான வழக்கு நம் பகுதியிலேயே தொடங்கியது என்பதைப் பலர் அறியார். பாலாறு கடலில் கலக்கும் இடத்திற்குச் சற்று வடக்கே உள்ள மாமல்லபுரம், அந்நாளில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019 முதல் செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ளது. அங்கிருந்த அநாதை இல்லங்களில் குழந்தைகள் சீரழிக்கப்படுவதாக வெளிவந்த செய்தியே 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்காயிற்று. பத்தாண்டுகள் கடந்து, 2017 மே 5-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், ஆய்வுக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்று அது ஆணையிட்டது. பத்தாண்டு என்பது ஒரு குழந்தையின் பிள்ளைப் பருவம் முழுவதுமாகும்.

ஆய்வு என்றால் என்ன என்பதைப் பீகார் மாநிலம் காட்டியது. அம்மாநில அரசின் வேண்டுகோளின்படி, மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் 'கோஷிஷ்' குழுவினர் 110 இல்லங்களைச் சென்று கண்டனர். 2018 ஏப்ரலில் அறிக்கை அளித்தனர். 17 இல்லங்களின் நிலை மிகவும் கவலைக்குரியது என்றனர். அவற்றுள் ஒன்று முசாபர்பூரில் இருந்த சிறுமியர் இல்லம். அங்கே சிறுமியர் பலர் கொடிய பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருந்தது தெரிய வந்தது. 2020 ஜனவரியில் தில்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. இல்லத்தை நடத்தியவருக்கு ஆயுள் சிறை விதிக்கப்பட்டது.

நம்மை உறங்கவொட்டாது செய்யும் செய்தி இதுதான்: அந்த இல்லம் யாரும் எட்டிப் பாராத காட்டில் இருக்கவில்லை. அரசுப் பணத்தில் நடந்தது. அலுவலர்கள் முன்பே சென்று வந்தனர். பதிவேடு கண்டனர், கையொப்பமிட்டனர், திரும்பினர். பின்னர் வந்த குழுவினரோ பிள்ளைகளோடு அமர்ந்து பேசினர். வேறுபாடு அவ்வளவே.

இல்லத்திற்கு விருந்தினர் வருவது எவ்வாறு நடைபெறும் என்பதை நம் வாசகர் அறிவர். வாயிலில் மாலை, வரிசையில் நிற்கும் பிள்ளைகள், வரவேற்புப் பாடல், தலைமையறையில் தேநீர். பெட்டியில் மடித்து வைத்திருந்த புதுச் சட்டை அன்று வெளியே வரும். நம் குடும்பத்துப் பிறந்த நாள் விருந்துகளும் இதற்கு விலக்கல்ல. நாம் இனிப்பு வழங்கிப் படம் பிடித்துக்கொள்ளும்போது, நன்றி கூறி நின்ற பிள்ளையின் பெயரைக் கேட்டோர் நம்மில் எத்தனை பேர்? ஆய்வாளராய்ச் செல்பவர் இந்த உபசாரத்தைத் தாண்டிச் செல்லக் கற்றாக வேண்டும். முன்னறிவிப்பின்றிச் செல்வது நன்று. மாலை நேரத்தில் செல்வது அதனினும் நன்று. சமையற்கட்டில் கொதிப்பது அட்டவணையில் எழுதியதுதானா, கழிப்பறைக்கு உட்புறம் தாழ்ப்பாள் உண்டா, இரவில் அங்கே விளக்கு எரிகிறதா, இரவில் பிள்ளைகளோடு தங்குபவர் யார், நோயுற்ற பிள்ளை எங்கே படுத்திருக்கிறது என்பவற்றைப் பதிவேடு கூறாது. பிள்ளைகளோடு பேசும்போது இல்லத்தார் எவரும் அருகில் இருத்தல் ஆகாது. அடி வாங்குகிறாயா என்று எடுத்தவுடன் கேட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறவாது. நேற்று மாலை என்ன செய்தாய், இரவில் விழித்தால் யாரைக் கூப்பிடுவாய் என்று தொடங்கினால் பேச்சு வளரும்.

சிறு செய்தி ஒன்று. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் ஒவ்வோர் இல்லத்திலும் பிள்ளைகளுக்கென ஒரு கருத்துப் பெட்டி வைக்கச் சொல்கின்றன. அது அலுவலகத்திற்கு அப்பால், பிள்ளைகள் தங்கும் அறைகளுக்கு அருகில் இருக்க வேண்டும். அதன் சாவி இல்லத் தலைவரிடம் இருத்தல் ஆகாது. மேலாண்மைக் குழுவின் தலைவரான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் இருக்க வேண்டும். வாரந்தோறும் பிள்ளைகளின் குழுவினர் முன்னிலையில் அதனைத் திறக்க வேண்டும். இவ்விதியை வகுத்தவர் பிள்ளைகளின் அச்சத்தை அறிந்தவர் என்றே நாம் எண்ணுகிறோம். ஆய்வாளர் முதலில் பெட்டி எங்கே தொங்குகிறது என்று பார்க்கட்டும். பிறகு சாவி யாரிடம் என்று கேட்கட்டும்.

இவை அனைத்திற்கும் முந்திய வினா ஒன்று உண்டு. இப்பிள்ளை ஏன் இங்கே இருக்கிறது? இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் தாயோ தந்தையோ உயிரோடிருப்போர் பலர். கைம்பெண்ணான தாய், செங்கற்சூளைக்கோ கல்லுடைக்கும் வேலைக்கோ செல்பவள், சோற்றுக்காகவும் படிப்பிற்காகவும் பிள்ளையைக் கொண்டு வந்து விட்டிருப்பாள். 2022 முதல் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ், கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டாத குடும்பங்களில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வீட்டிலேயே கிடைக்க வழியுண்டு. இதனை அத்தாயிடம் யாரும் சொல்லியிராமல் இருக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க அவளுக்குத் துணை தேவை. இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதாத அறிக்கை, கட்டடத்தைப் பற்றிய அறிக்கை மட்டுமே.

நம் துறவற சபையார் நடத்தும் இல்லங்கள் தமிழகத்தில் பல. அவற்றுள் அன்பும் ஒழுங்கும் நிறைந்தவற்றை நாம் அறிவோம். ஆயினும் கன்னியர் நடத்தும் இல்லத்தில் ஆய்வு எதற்கு என்று நம்மவர் சிலர் மனம் நோவதைக் கேட்டிருக்கிறோம். வெளியார் வந்து கேட்பது அவமதிப்பு என்று கொள்பவர், அந்த வினாவைக் கேட்க முடியாத பிள்ளையின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல இல்லத்திற்கு ஆய்வினால் இழப்பேதும் இல்லை; கழிப்பறைக்குத் தாழ்ப்பாளேனும் கிடைக்கும்.

அறிக்கை சேர்ந்தபின் ஒரு மாதத்திற்குள் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். 2021-இல் செய்த திருத்தம் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பைக் கூட்டியுள்ளது. ஆகவே ஆய்வாளர் தம் அறிக்கையின் படி ஒன்றை வைத்துக்கொண்டு, அடுத்த வருகையில் அதனைக் கையில் எடுத்துச் செல்லட்டும். ஆய்வாளரல்லாத நமக்கும் வழி அடைபடவில்லை. ஒரு பிள்ளை துன்புறுவதாக ஐயம் எழுந்தால் 1098 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும், கட்டணமின்றி எவரும் தொலைபேசலாம்.