களப்பில் இடிமின்னல்: தோணியிற் செல்வோர் அறிய வேண்டியவை

மட்டக்களப்புக்கு வடக்கே, திருகோணமலை வீதியில் அமைந்த மாங்கேணிப் பகுதியில் வேளாண்மையும் மீன்பிடியும் அடுத்தடுத்து நடைபெறும் தொழில்களாகும். காலையில் வயலிலோ, கத்தரி, மிளகாய்த் தோட்டத்திலோ பாடுபட்டவர் பிற்பகலில் தோணியேறிக் களப்பில் வலை வீசுவதுண்டு. இடிமுழக்கம் மிகுவதும் அவ்வேளையிலேயே என்பதை மறத்தலாகாது.

இலங்கையில் மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும், பெரும்போகம் தொடங்கும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மின்னல் மிகுதி. காலை வெயிலால் தரை சூடாகின்றது. ஈரமான கடற்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமுகிலாகத் திரள்கின்றது.

மின்னல் பெரும்பாலும் சுற்றாடலில் உயர்ந்து நிற்கும் பொருளையே தாக்கும். பரந்த களப்பில், தோணியில் நின்று வலை வீசுபவரே அத்தகைய உயர்ந்த பொருளாவர். அருகே நீரில் விழும் மின்னலும் ஆபத்தானது; உப்புநீரில் மின்சாரம் எளிதிற் பரவும். மரத்தோணியும் இறப்பர்ச் செருப்பும் காப்பளிக்கமாட்டா.

ஒலி 1 கிலோமீற்றர் செல்ல ஏறக்குறைய 3 செக்கன் எடுக்கும். எனவே, மின்னலைக் கண்டு 30 செக்கனுக்குள் இடி கேட்பின், அது 10 கிலோமீற்றருக்குள் விழுந்துள்ளது. மழை வருமுன்னரே மின்னல் விழக்கூடும். தோணியிலிருப்பவருக்குக் கரைசேர நேரம் வேண்டுமாதலால், அவர் முதல் இடியையே எச்சரிக்கையாகக் கொள்ளல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மின்னல் எச்சரிக்கையை அறிதல் வேண்டும்.

2. இடி கேட்டதும் வலையை விட்டு, அண்மையிலுள்ள கரையை அடைதல் வேண்டும். வலையைப் பின்னர் எடுக்கலாம்.

3. தனித்து நிற்கும் பனை, தென்னையின் கீழும், மீன்வாடி, வயற்பரண் ஆகியவற்றிலும் ஒதுங்கலாகாது. கல்வீடு அல்லது உலோகக் கூரையுடன் முற்றாக மூடிய வாகனமே தக்க புகலிடம்.

4. கரைசேர இயலாவிடின் தோணியின் நடுவே தாழ்ந்து அமர்தல் வேண்டும். தூண்டிற்கம்பை நிமிர்த்தி வைத்தலும் கையை நீரில் இடுதலும் ஆகா. இம்முறை ஆபத்தைக் குறைக்குமேயன்றி நீக்காது.

5. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே நீருக்கோ வயலுக்கோ திரும்புதல் வேண்டும்.

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. அவரைத் தொட அஞ்ச வேண்டியதில்லை. மூச்சு நின்றிருப்பின், ஒருவர் 1990 என்னும் இலக்கத்துக்கு அறிவிக்க, மற்றவர் மார்பின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துதல் வேண்டும். மூச்சு நின்றவரும் இவ்வுதவியால் உயிர்பிழைக்கக்கூடும். ஆதலால் இறந்துவிட்டார் எனக் கைவிடலாகாது.

இன்று தவறிய மீனை நாளை பிடிக்கலாம். விதைத்த வயலை அறுவடை செய்யக் கமக்காரர் உயிருடன் கரைசேர்தலே முதன்மையானது.