திரும்பி நடந்த செவ்வாய்: ஒரு முடிவு யாருடையது?

1965 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், செல்மா நகரம். சுமார் 2,000 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்து போகிறார்கள். இரண்டு நாள் முன்னால், ஞாயிறன்று, இதே பாலத்தைத் தாண்டிய 600 பேரை மாநிலப் போலீஸும் ஷெரிஃபின் குதிரைப்படையும் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் சிதறடித்திருந்தன. அதைத் தெரிந்தேதான் செவ்வாயன்று இவர்கள் வருகிறார்கள். போலீஸ் வரிசைக்கு முன்னால் நிற்கிறார்கள், மண்டியிட்டுப் பிரார்த்திக்கிறார்கள், எழுகிறார்கள். அப்போது போலீஸ் விலகி வழிவிடுகிறது. மான்ட்கமரிக்குப் போகும் சாலை திறந்து கிடக்கிறது. முன்வரிசையில் நின்ற மார்ட்டின் லூதர் கிங் திரும்பி, வந்த வழியே நடக்கத் தொடங்குகிறார்.

பின்னால் நின்றவர்களுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. யாரும் எங்களைத் திருப்பிவிட முடியாது என்ற பொருள் கொண்ட பாட்டைப் பாடிக்கொண்டே திரும்பினார்கள்.

சிவில் உரிமைப் போராட்டம் பற்றி நம்மிடையே புழங்கும் கதையாடல்களில் இந்தச் செவ்வாய்க்கு இடமே கிடையாது. ரத்த ஞாயிறு இருக்கிறது, மார்ச் 25இல் மான்ட்கமரியில் கூடிய 25,000 பேர் இருக்கிறார்கள், ஆகஸ்ட் 6இல் கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம் இருக்கிறது. நடுவில் ஒரு தலைவர் திரும்பி நடந்தது வெற்றிக் கதைக்குள் பொருந்தாமல் நிற்கிறது. அரசியலில் முடிவெடுத்தல் என்கிறோமே, அது எப்படி நடக்கிறது என்று பார்க்க எனக்கு அந்த நாள்தான் உதவுகிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செல்மா இருக்கும் டல்லஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பர்கள் சுமார் 15,000 பேர். பட்டியலில் ஏறியவர்கள் 400 பேர்கூட இல்லை. 1963 முதல் அங்கே வேலை செய்துவந்தது மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு, 'ஸ்நிக்' என்பார்கள். 1965 ஜனவரியில் உள்ளூர் வாக்காளர் கழகத்தின் அழைப்பின்பேரில் கிங்கின் தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாடு வந்தது. பிப்ரவரி 18இல் பக்கத்து ஊரான மேரியனில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற கறுப்பு இளைஞர் போலீஸால் சுடப்பட்டு, எட்டு நாள் கழித்து இறந்தார். தலைநகருக்கு நடைப்பயணம் என்ற யோசனை அந்தச் சாவிலிருந்து பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமை முடிவு எடுக்கப்பட்ட லட்சணத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். கிங் அன்று அட்லாண்டாவில். தேவாலயத்தில் ஏற்கெனவே கூட்டம் சேர்ந்துவிட்டது. தொலைபேசியில் அவரிடம் சம்மதம் வாங்கினார்கள். ஸ்நிக் முந்தின இரவு உட்கார்ந்து பேசி, அமைப்பாகக் கலந்துகொள்வதில்லை, விரும்பியவர் தனிநபராகப் போகலாம் என்று தீர்மானித்திருந்தது. அதன் தலைவர் ஜான் லூயிஸ் தனிநபராகப் போய் மண்டை உடைபட்டார். அவரோடு முன்னே நடக்கப்போவது யார் என்பதைக் கிங்கின் உதவியாளர்கள் மூவர் நாணயம் சுண்டித்தான் முடிவுசெய்தார்கள். வரலாறு படைக்கிற முடிவுகள் பலதும் இப்படித்தான். நாம் பிறகு கோட்பாடு எழுதிக்கொள்கிறோம்.

அடிபட்ட செய்தி பரவியதும் கிங் நாடெங்கும் உள்ள மதகுருமாருக்குத் தந்தி கொடுத்தார்: செவ்வாயன்று என்னோடு நடக்க வாருங்கள். நூற்றுக்கணக்கில் வந்தார்கள். அதே நேரம் இயக்க வழக்கறிஞர்கள் கூட்டாட்சி நீதிபதி ஃபிராங்க் ஜான்சனிடம் பாதுகாப்புக் கேட்டுப் போனார்கள். அவரோ, வியாழனன்று விசாரிக்கிறேன், அதுவரை நடக்காதீர்கள் என்று தடை போட்டார்.

இங்கேதான் சிக்கல். மாநில நீதிமன்றத் தடை வேறு, கூட்டாட்சி நீதிமன்றத் தடை வேறு. 1963இல் பர்மிங்ஹாமில் மாநில நீதிமன்றம் விதித்த தடையைக் கிங் மீறிச் சிறை போனார். 1962இல் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனியில் ஒரு கூட்டாட்சி நீதிபதி விதித்த தடைக்குப் பணிந்தார். நான்கே நாளில் மேல்நீதிமன்றம் அதை நீக்கியது, ஆனால் அதற்குள் போராட்டத்தின் வேகம் தணிந்துவிட்டது. தெற்கில் கறுப்பர்களுக்கு ஓரளவு நியாயம் கிடைத்த இடம் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றுதான். அதை மீறினால் நாளைக்கு எந்த முகத்தோடு அங்கே போவது? பணிந்தால், தந்தி பார்த்து வந்தவர்களையும் ஞாயிறன்று ரத்தம் சிந்தியவர்களையும் எப்படிப் பார்ப்பது?

செவ்வாய் காலை, ஜனாதிபதி அனுப்பிய லீராய் காலின்ஸ் ஒரு வழி சொன்னார்: பாலத்தைக் கடங்கள், பிரார்த்தியுங்கள், திரும்புங்கள், போலீஸ் அடிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். சனங்கள் திரும்புவார்கள் என்று உத்தரவாதம் தர முடியாது என்றார் கிங். ஆனால் மறுக்கவும் இல்லை. வாய்விட்டுச் சொல்லாத உடன்பாடு அது. அப்படிப்பட்ட உடன்பாட்டின் சௌகரியம், தேவைப்படும்போது இல்லையென்று சொல்லிவிடலாம். தேவாலயத்தில் அவர் பேசியதோ, மனசாட்சியைக் கொல்வதைவிட நெடுஞ்சாலையில் சாவது மேல் என்ற தொனியில்.

திரும்பியது தவறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 54 மைல் பயணம். சாப்பாடு, தங்குமிடம், பாதுகாப்பு எதற்கும் ஏற்பாடில்லை. போலீஸ் வழிவிட்டதே ஒரு பொறியாக இருக்கலாம்: ஓரடி எடுத்து வைத்தால் நீதிமன்ற அவமதிப்பு. மார்ச் 17இல் அதே நீதிபதி நடைப்பயணத்தை அனுமதித்தார். ஆனால் விளைவைக் காட்டி முடிவெடுத்த விதத்தை நியாயப்படுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றிரவு, தந்தி பார்த்து வந்த ஜேம்ஸ் ரீப் என்ற வெள்ளை மதகுரு செல்மா தெருவில் தாக்கப்பட்டு, இரண்டு நாளில் இறந்தார். அதுவும் விளைவுதானே? எந்த விளைவை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

கேள்வி வேறு. 2,000 பேர் சாகத் துணிந்து நடந்தார்கள். அந்தத் துணிவு யாரை நம்பிக் கொடுக்கப்பட்டதோ அவருக்குத் திரும்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தது; கொடுத்தவர்களுக்குத் தெரியாது. காலின்ஸுக்குத் தெரியும், தடியோடு நின்ற போலீஸ் தலைமைக்குத் தெரியும். நடந்தவர்கள் மட்டும்தான் இருட்டில்.

சரி, மேடையில் சொல்லியிருந்தால்? பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள், மீதிப் பேர் கிங்கை விட்டுவிட்டு முன்னே போய் அடிவாங்கியிருப்பார்கள், ஏற்பாடு குலைந்திருக்கும் என்பார்கள் அவர் பக்கத்தவர்கள். இது வலுவான வாதம், தள்ளிவிட முடியாது. இயக்கத்தில் இருந்த எவருக்கும் தெரியும், எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லி ஒரு ஊர்வலம்கூட நடத்த முடியாது. ஆனால் முழுதும் சொல்வதற்கும் முழுதும் மறைப்பதற்கும் நடுவே இடம் இல்லையா? "நீதிமன்றத் தடை இருக்கிறது, பாலத்தில் நின்று முடிவெடுப்பேன், திரும்பச் சொன்னாலும் சொல்வேன். சம்மதமானவர்கள் வாருங்கள்." இவ்வளவு சொல்லியிருக்கலாம். ரகசியம் எதுவும் வெளியே போயிருக்காது. திரும்பும் உரிமையை அவர் அவர்களிடமிருந்தே வாங்கியிருப்பார்.

ஸ்நிக் மட்டும் ஒழுங்கா என்று கேட்கலாம். 1960இல் அந்த மாணவர்களைக் கூட்டியவர் எல்லா பேக்கர். ஒரு தலைவரைச் சுற்றி அமையும் குழுவை விட, குழுவிலிருந்து எழும் தலைமையே வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஆகவே விடிய விடியப் பேசி, எல்லாரும் ஒத்துவந்த பிறகே முடிவு. அழகான முறைதான். ஆனால் கலந்துகொள்வதில்லை என்று பேசித் தீர்த்த அதே அமைப்பு, ஞாயிறு தடியடிக்குப் பின் ஒரே நாளில் முன்னணிக்கு ஓடிவந்தது. சம்பவம் முடிவெடுத்தது, விவாதம் பின்னால் வந்தது. ஆக, ஒருவர் தனியாக எடுத்த முடிவும் சரி, அறை நிறைய ஆட்கள் எடுத்த முடிவும் சரி, நடக்கப்போகிற செல்மாக் கறுப்பரைக் கேட்டு எடுக்கப்பட்டதல்ல.

ஸ்நிக்கின் ஜேம்ஸ் ஃபோர்மன் கொதித்துப்போய், மாணவர்களைத் திரட்டி மான்ட்கமரியில் தனியே போராட்டம் தொடங்கினார். ஸ்டோக்லி கார்மைக்கேலும் தோழர்களும் நடைப்பயணம் கடந்து சென்ற லௌண்டஸ் கவுண்டிக்குள் போய், கருஞ்சிறுத்தைச் சின்னத்தோடு தனிக் கட்சி கட்டினார்கள். பிளவுக்குப் பல காரணங்கள் உண்டு. அந்தப் பாலம் அதில் ஒன்று.

மார்ச் 11, வியாழக்கிழமை, நீதிபதி ஜான்சனின் நீதிமன்றம். சாட்சிக் கூண்டில் கிங். குறுக்கு விசாரணையில், பாலத்துக்கு அப்பால் போவதில்லை என்று பேசாமல் பேசிக்கொண்ட உடன்பாடு ஒன்று இருந்ததை ஒப்புக்கொண்டார். தேவாலயத்தில் தங்களுக்குச் சொல்லப்படாததை, நடந்தவர்கள் நீதிமன்றச் செய்தி வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.