தண்ணீர் கேட்காத தோட்டம்

எங்கள் வீட்டில் புல்லுக்காக ஒரு சண்டை நடந்தது என்றால் நம்புவீர்களா? நடந்தது. 2019ஆம் வருஷம், ஜூன் மாதம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்த சமயம். அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த வருஷம்தான். நாங்கள் இருப்பது மடிப்பாக்கம். கிணறு மே மாதமே கையை விரித்துவிட்டது. போரில் கால் மணி நேரம் தண்ணீர், அப்புறம் வெறும் காற்று. லாரிக்குச் சொல்லிவிட்டு நாலு நாள், ஐந்து நாள் காத்திருப்போம்.

அப்படி வந்த லாரித் தண்ணீரைத்தான், விடியற்காலையில் யாரும் எழுந்திருக்கும் முன்னால், ஹோஸ் பிடித்துப் புல்தரைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். திருட்டுத்தனமாகத்தான்! பின்னால் மாமியார் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"ஏம்மா, குழந்தைங்க ரெண்டும் அரை பக்கெட்டுல குளிச்சிட்டு ஸ்கூலுக்குப் போவுதுங்க. நீ புல்லைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கியா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சும்மா முளைச்ச புல்லு இல்லே அத்தை, காசு கொடுத்து வாங்கிப் போட்டது. காய விட முடியுமா?" என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். சத்தம் கேட்டு இவர் எழுந்து வந்தார். யார் பக்கமும் பேசவில்லை. 15 லிட்டர் பக்கெட்டைக் கொண்டுவந்து ஹோஸின் அடியில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கெட் ஒன்றரை நிமிஷத்தில் நிரம்பியது. "தினம் எவ்வளவு நேரம் விடறே?" என்றார். இருபது நிமிஷம் என்றேன். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு நாளைக்கு 200 லிட்டர். மாதத்துக்கு 6,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரியில் பாதி!

அன்று சமையலறையில் நின்று அழுதேன். அழுகை புல்லுக்காக இல்லை, கணக்கு சரியாக இருந்ததே என்றுதான். அன்றோடு ஹோஸை மூடினேன். பத்தே நாளில் கொரியன் புல் வைக்கோலாகிவிட்டது.

2012இல் வீடு கட்டியபோது எனக்கு ஒரே ஆசை. பச்சைக் கம்பளம் மாதிரிப் புல்தரை, ஓரத்தில் ஓசூர் ரோஜா, வாசலில் இரண்டு அரிகா பனை, வரிசையாகக் குரோட்டன்ஸ். நர்சரிக்காரர், "காலையில அஞ்சு நிமிஷம் தண்ணி விட்டாப் போதும் மேடம்" என்றார். அவர் சொன்ன அஞ்சு நிமிஷம் மார்கழி மாசத்துக்குச் சரி. சித்திரையில் இருபது நிமிஷம் விட்டும் ஓரமெல்லாம் மஞ்சளடிக்கும்.

காய்ந்த புல்லின் நடுவே நின்று பார்த்தபோதுதான் மற்றவை கண்ணில் பட்டன. துவைக்கிற கல் பக்கத்தில் மாமியார் என்றைக்கோ ஒடித்து நட்ட நந்தியாவட்டை பூத்துக்கொண்டிருந்தது. வேலிக் கம்பியில் பிரண்டை. பக்கத்துக் காலி மனையில் ஆடாதோடை, நொச்சி, தரையோடு தரையாகப் பொடுதலை. இவற்றுக்கெல்லாம் யார் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள்?

சரி, நாட்டுச் செடிகளையே வைத்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். அதிலும் முதலில் சறுக்கியவள் நான்தான்.

என் பிறந்த வீடு ஈரோடு பக்கம். எங்கள் ஊர்க் காட்டில் ஆவாரை தானாகவே மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ, வேப்பிலை, சிறுபீளை மூன்றும் வேண்டும். வறட்சிக்கு இதைவிடக் கெட்டியான செடி உண்டா? ஆடி மாதம் ஊருக்குப் போனபோது ஐந்து கன்று கொண்டுவந்து, புல்லை வெட்டி எடுத்த இடத்தில் ஆசையாக நட்டேன். புரட்டாசி வரை ஜோராக வளர்ந்தன. ஐப்பசி மழை பிடித்தது. எங்கள் மனை ஒரு காலத்தில் வயலாக இருந்த இடம், களிமண். மூன்று நாள் தண்ணீர் தேங்கி நின்றது. இலை பழுத்து, தண்டு அழுகி, ஐந்தும் போயின.

"உங்க ஊருச் செடிக்கு எங்க ஊரு மழை ஆவலை" என்றார் மாமியார். அவர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். கேலியாகச் சொன்னாரோ, ஆறுதலாகச் சொன்னாரோ, வார்த்தை நூற்றுக்கு நூறு உண்மை. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஈரோட்டில் வருஷ மழையே இதில் ஏறக்குறைய பாதிதான். ஆக, நம் கடலோர ஊர்களில் ஒரு செடி நாலு மாதம் நெருப்பையும் தாங்க வேண்டும், மூன்று மாதம் ஈரத்தில் நிற்கவும் வேண்டும். நடுவில் புழுக்கம் வேறு. "வறட்சி தாங்கும்" என்று சொல்லி விற்பதை மட்டும் நம்பி வாங்கினால், வெயில் கொல்லாத செடியை மழை கொன்றுவிடும்.

புல்லை முழுக்கத் தோண்டியபோது இன்னொரு கூத்து. 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது இல்லையா? எங்கள் வீட்டிலும் கட்டும்போதே மொட்டைமாடிக் குழாயிலிருந்து ஒரு குழிக்கு இணைப்பு கொடுத்திருந்தோம். அந்தக் குழியின் மூடி மேலேயே செம்மண் பரப்பிப் புல் விரித்திருக்கிறேன்! மண் இறங்கிக் குழி அடைத்துப் போயிருந்தது. ஆள் வைத்துச் சுத்தம் செய்து, புதிதாகக் கல்லும் மணலும் போட்டோம். முற்றத்தில் தண்ணீர் தேங்குவதும் பெருமளவு குறைந்தது.

இப்போது புல் இருந்த இடத்தில் இருப்பது பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, அதேதான். ஏரிக்கரையில், வயல் வரப்பில் பாய் மாதிரிப் படர்ந்திருக்கும். கணுவோடு கிள்ளி, ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினால் நாலைந்து மாதத்தில் தரையை மூடிவிடும். மழைத் தண்ணீர் தேங்கினாலும் சாகாது. கோடையில் அங்கங்கே காய்ந்து பழுப்பாகும், ஒரு மழை பெய்தால் மறுபடி பச்சை. நடந்தால் மிதிபடும், அவ்வளவுதான். இரண்டு சங்கடங்கள் உண்டு. மர நிழலில் சரியாக வராது. சின்னச் சின்னப் பூவில் தேனீ வரும், ஆகவே பூக்கும் நாட்களில் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடவேண்டாம்.

மேற்கு மதில் ஓரம் நொச்சியும் ஆடாதோடையும். இரண்டுமே ஒடித்து நட்டால் வரும். ஆடு தொடாது என்பதால்தான் ஆடாதோடை என்று பேராம். தெருவில் திரியும் மாடும் வாய் வைப்பதில்லை. சாயங்கால வெயில் சுவரில் நேரே அடிக்காததால் அந்தப் பக்கத்து அறையில் அனல் குறைந்திருப்பது எனக்கே தெரிகிறது. ஜலதோஷம் என்றால் நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்போம், ஆனால் சின்னக் குழந்தைகளை அந்தக் கொதிநீர்ப் பக்கம் விடாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் ஆடாதோடைக் கஷாயம் குடிக்கவே கூடாது.

பூவுக்கு நந்தியாவட்டை, வெட்சி, கனகாம்பரம், பவழமல்லி. வெட்சி என்பது நம் இட்லிப்பூதான். நல்ல சிவப்பாக, உயரமாக வளருமே, அந்தப் பழைய ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். உப்புப் போர்த் தண்ணீர் ஊற்றினால் எங்கள் வீட்டில் இலை வெளுத்துவிடுகிறது, மழைக்குத்தான் தெளிகிறது. கனகாம்பரத்துக்கு முழு வெயில் ஆகாது, பவழமல்லியின் அடியில் வைத்தேன். காய்ந்த கனகாம்பர விதைப்பையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் 'பட்'டென்று வெடித்து விதை தெறிக்கும். என் பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறை முழுக்க அதுவே விளையாட்டு. விதை தெறித்த இடமெல்லாம் அடுத்த மழையில் கன்று! பவழமல்லி கோடையில் இலையுதிர்த்துக் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்து நான் அரிவாளை எடுத்ததும், மாமியார் தடுத்ததும் தனிக்கதை.

மரம் என்று ஒன்றுதான் வைத்தேன், மகிழம். வளர்வது ஆமை வேகம், ஆனால் வருஷமெல்லாம் பச்சை. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் எங்கள் தெருவில் இருந்த குல்மோகர் வேரோடு சாய்ந்து எங்கள் மதிலை உடைத்தது. மடகாஸ்கரிலிருந்து வந்த மரம் அது. பக்கத்திலேயே நின்ற புங்கை இரண்டு கிளையை மட்டும் கொடுத்துவிட்டுப் பிழைத்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகு அவசரமாக வளரும் மரத்தின் மேல் எனக்கு ஆசை இல்லை.

ஆவாரையை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள்! செங்கல் உடைசலும் மணலும் கொட்டி ஒன்றரை அடி மேடு எழுப்பி, அதன் மேல் மறுபடி நட்டேன். இப்போது பொங்கலுக்கு வீட்டுப் பூவிலேயே காப்புக் கட்டுகிறேன்.

நடும் முறையில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். கோடையில் நடாதீர்கள். புரட்டாசிக் கடைசியில், மழை தொடங்கும் சமயம் நட்டால் மார்கழிக்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும். குழியில் தேங்காய் மட்டையைப் பஞ்சுப் பக்கம் மேலாக இருக்கும்படி போட்டு அதன் மேல் மண் போடுவேன், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த கோடை ஒன்றுக்கு மட்டும் வாரம் இரண்டு தடவை, வேரடியில் ஒரு குடம். இலை மேல் தினம் கொஞ்சம் தெளிப்பது வீண். வேர் மேலேயே நின்றுவிடும், புழுக்கத்தில் பூஞ்சணமும் வரும். இரண்டாவது கோடையிலிருந்து அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரே போதுமாக இருக்கிறது. உதிரும் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் செடியடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். ஆனால் தண்டை ஒட்டியும் வீட்டுச் சுவரை ஒட்டியும் வேண்டாம், கறையான் ஏறும். சுவரிலிருந்து மூன்றடி வெறுந்தரையாக விட்டால் பாம்பு பயமும் இல்லை.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் இல்லாமல் வளரும் என்று அரளியைச் சிபாரிசு செய்வார்கள். வளரும், வாஸ்தவம். ஆனால் அதன் எல்லாப் பாகமும் விஷம், மஞ்சள் அரளிக் கொட்டை கொடிய விஷம். எதையும் வாயில் போடும் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். நான் இருபத்தெட்டுத் தொட்டிகளை நாலாகக் குறைத்துவிட்டேன், அந்தத் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்து வைக்கிறேன்.

இந்தத் தோட்டம் பத்திரிகைப் படம் மாதிரி இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் வந்த என் நாத்தனார், "என்ன அண்ணி, தோட்டக்காரர் லீவா?" என்று கேட்டார். வருஷத்துக்கு இரண்டு தடவை கழிப்பதைத் தவிர எனக்கு இதில் வேலை இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முற்றத்தில் இரண்டு நாள் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் எங்கும் சேறு. அந்தச் சேற்றைத் துளைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நாளில் பொடுதலை எட்டிப் பார்த்தது. நந்தியாவட்டை அன்றைக்கும் பூத்தே இருந்தது, மாமியார் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்ப் பறித்துவந்தார்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா ஹோஸ் இரவல் கேட்டார், அவர்கள் புதிதாகப் புல் போட்டிருக்கிறார்கள். கொடுத்தேன். வேண்டுமானால் ஊன்றிப் பார்க்கட்டும் என்று ஒரு கை பொடுதலைக் கொடியும் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.