மென்மையான தோட்டாவும் மான் வேட்டையும்

ஸ்கொட்லாந்து மலைநாட்டில் மான் வேட்டை வெறும் பொழுதுபோக்கன்று. ஓநாய் இனம் அங்கு அழிந்தொழிந்து ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் ஆகின்றன. வளர்ந்த மானைக் கொல்லவல்ல காட்டு விலங்கு வேறெதுவும் அந்நாட்டில் இல்லை. ஆகவே மான்கள் பெருகி, இளமரக் கன்றுகளைத் தின்று, காடு மீண்டும் தழைக்க விடாமல் தடுக்கின்றன. இதனால் ஆண்டுதோறும் அவற்றுள் ஒரு பகுதியைச் சுட்டுக் குறைக்க வேண்டியிருக்கிறது. கொல்வது தவிர்க்க முடியாததாயின், அவ்விலங்கு துன்புறாமல் விரைந்து இறக்கவேண்டும் என்பதே வேட்டையாளனின் முதற் கடமை. எந்தத் தோட்டாவைத் தெரிவது என்னும் கேள்வி இக்கடமையிலிருந்தே பிறக்கின்றது.

பெரிய தோட்டாவே சிறந்தது என்று பலர் எண்ணுவர். அது எப்போதும் உண்மையாகாது. ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்பது நியூற்றன் கண்ட விதி. குண்டும் வெடிமருந்தின் வாயுவும் முன்னோக்கிப் பாயும்போது, அவற்றின் உந்தத்துக்குச் சமமான உந்தத்துடன் துவக்கு பின்னோக்கி வந்து தோளில் மோதும். குண்டின் நிறையும் மருந்தின் அளவும் கூடக் கூட இந்த உதைப்பும் கூடும். உதைப்புக்கு அஞ்சிய உடல், விசையை அழுத்தும் கணத்திலே தன்னையறியாமல் நடுங்கும், கண் இமைக்கும், கை வெட்டி இழுக்கும். குழலின் நுனி மயிரிழை விலகினும், நூறு யார் தொலைவில் குண்டு பல அங்குலம் விலகிச் செல்லும். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த இடமோ மிகச் சிறிது. அது தப்பிக் குடலிலோ காலிலோ குண்டு பட்டால், அந்த மான் ஓடி மறைந்து, நெடுநேரம் வருந்தி மடியும். துவக்கு எத்துணைப் பெரிதாயினும் அத்தவற்றைத் திருத்தாது.

இந்த உதைப்பைக் கணக்கிட்டும் பார்க்கலாம். எட்டு இறாத்தல் நிறையுள்ள துவக்கில், 180 கிறெயின் குண்டுடைய .30-06 தோட்டாவை வெடித்தால், உதைப்பின் சத்தி ஏறக்குறைய 20 அடி-இறாத்தல் ஆகும். 100 கிறெயின் குண்டுடைய .243 வின்செஸ்ரர் தோட்டாவில் அது 9 அடி-இறாத்தல் அளவே. 140 கிறெயின் குண்டுடைய 6.5×55 சுவீடன் தோட்டா இவ்விரண்டுக்கும் இடையில், 13 அடி-இறாத்தல் அளவில் நிற்கும்.

இவற்றுள் .243 தோட்டா 1955ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு மூன்று ஆண்டு முந்திய .308 தோட்டாவின் கோதினை எடுத்து, அதன் கழுத்தைச் சுருக்கி ஆக்கப்பட்டது அது. 6.5×55 இன்னும் பழையது. சுவீடனும் நோர்வேயும் ஒரே அரசரின் கீழ் இருந்த காலத்தில், 1890களில், இருநாட்டுப் படைகளுக்குமாக வகுக்கப்பட்டது. பின்னர் அது வேட்டைக்கும் வந்து, அந்நாடுகளின் பெரிய மூஸ் மானையும் வீழ்த்திப் பெயர்பெற்றது.

இத்துணை மெல்லிய குண்டு பெரிய விலங்கினுள் எவ்வாறு ஆழச் செல்கின்றது? நீளமே அதற்குக் காரணம். ஒரே நிறையுள்ள இரு ஆணிகளில், தடித்துக் குறுகியதை விட மெலிந்து நீண்டது எளிதில் மரத்தில் இறங்கும். அதுபோலவே, தன் குறுக்குப் பரப்பை நோக்க 140 கிறெயின் கொண்ட 6.5 குண்டு, 180 கிறெயின் கொண்ட .30 குண்டிலும் சற்று மிகுந்த நிறையுடையது. அன்றியும் அது காற்றைக் கிழித்துச் செல்வதால் வேகத்தை மெல்லவே இழக்கின்றது.

ஆயினும் மென்மைக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைச் சட்டம் வகுத்திருக்கிறது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டப்படி, செம்மான், றோ மான் முதலியவற்றைச் சுடும் றைபிள் .240 அங்குலத்துக்குக் குறையாத விட்டமும், குழல் வாயில் 1,700 அடி-இறாத்தலுக்குக் குறையாத சத்தியும் உடையதாதல் வேண்டும். குண்டின் மூக்கு பட்டவிடத்தில் விரிவதாகவும் இருத்தல் வேண்டும். விரியாத குண்டு ஊசிபோல் ஊடுருவி, விலங்கை விரைவில் கொல்லாது விடக்கூடும். .243 தோட்டா இவ்வளவுகளைக் கடந்து நிற்கின்றது. ஸ்கொட்லாந்தில், சிறிய றோ மானுக்கு 50 கிறெயின் குண்டும் 1,000 அடி-இறாத்தலும் போதும். ஏனைய மான்களுக்கு 1,750 அடி-இறாத்தல் வேண்டும். அவற்றுக்கு முன்பு 100 கிறெயினாக இருந்த குறைந்த குண்டு நிறை 2023இல் 80 கிறெயினாகக் குறைக்கப்பட்டது. காரணம் செம்பு. ஈயத் துகள் இறைச்சியில் கலந்து, உண்போருக்கும் கழுகு முதலிய பறவைகளுக்கும் நஞ்சாகும் என்பதனால் செம்புக் குண்டு பரவி வருகின்றது. செம்பு ஈயத்திலும் அடர்த்தி குறைந்தது. 100 கிறெயின் செம்பை .243 விட்டத்தில் வார்த்தால், குண்டு மிக நீண்டுவிடும். பல துவக்குகளின் புரி அதனைத் தடுமாறாமல் சுழற்றமாட்டாது.

மெல்லிய தோட்டாவைப் பேசுவோர் டபிள்யூ. டி. எம். பெல் என்பவரை நினைப்பதுண்டு. 1880இல் எடின்பறோவுக்கு அருகிற் பிறந்த அவர், ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றுட் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர் துவக்கினாலேயே வீழ்த்தினார். சிறு குண்டு எதையும் கொல்லும் என்பதன்று இதன் பாடம். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை இருக்குமிடத்தை அவர் ஐயமறக் கற்றிருந்தார். அவ்வறிவில்லாதவன் கையில் அதே துவக்கு கொடுமைக்கே கருவியாகும்.

ஆகவே றோ மானை மட்டும் நாடுபவருக்கும், புதிதாகப் பழகுபவருக்கும் .243 தகுந்தது. நூறு கிலோவைத் தாண்டும் செம்மான் கலையையும் சுடவேண்டியவருக்கு 6.5×55 பொருந்தும். எதனைத் தெரிந்தாலும், இலக்குப் பலகையில் ஓர் உள்ளங்கை அகலத்துள் தவறாது சுடக்கூடிய தொலைவை முதலில் அளந்தறிதல் வேண்டும். அத்தொலைவுக்கு அப்பால் நிற்கும் மானை விட்டுவிடுதலும், காற்று மிகும்போது துவக்கைத் தாழ்த்திக்கொள்ளுதலும் வேட்டைத் திறனின் பகுதிகளேயாம்.