வேகமும் வெப்பமும்

மடிக்கணினித் திரையில் காட்சிகளை உருவாக்குவது வரைகலைச் செயலி. தயாரிப்பாளர் வரையறுத்த வேகத்தை மீறி அதனை இயக்குவதே ஓவர்கிளாக்கிங். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு உயர்த்தினால், செலவாகும் மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு உயரும். மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப அது பெருகுவதே காரணம். அவ்வெப்பத்தை மடிக்கணினியின் சிறு விசிறியால் வெளியேற்ற இயலாதபோது, செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூட்டிய வேகம் பயனற்றுப் போகும்.

செயலியை இயங்குதளத்துடன் இணைக்கும் மென்பொருள் டிரைவர் எனப்படும். அதுவும் வேகத்திற்கு எல்லை வகுக்கும். 2015 பிப்ரவரியில், மடிக்கணினிகளில் ஓவர்கிளாக்கிங்கைத் தன் டிரைவர் வழியே தடுத்திருந்த என்விடியா நிறுவனம், பயனர்களின் எதிர்ப்புக்குப்பின் அதனை மீண்டும் அனுமதிப்பதாக அறிவித்தது.

ஆகவே, திரை உறைந்தால் முதலில் செயலியைப் பழைய வேகத்திற்குத் திருப்புதல் வேண்டும். கோளாறு நீங்கினால், கூட்டிய வேகமே காரணம். நீங்காவிடில், இருக்கும் டிரைவரை முற்றிலும் அகற்றி, அம்மாதிரி மடிக்கணினிக்கென அதன் தயாரிப்பாளர் வழங்கும் பதிப்பை நிறுவிப் பார்த்தல் வேண்டும். இரண்டையும் ஒருசேர மாற்றினால் காரணம் புலப்படாது.

பெரும்பாலான மடிக்கணினிகளில் வரைகலைச் செயலி தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. அது பழுதானால் பலகையையே மாற்ற நேரிடும். சிறிது வேகத்திற்காக முழுக்கணினியையும் இழத்தல் அறிவுடைமை ஆகாது.