பழைய ஜீப்பும் பாலைவனமும்: வளைகுடாவிலுள்ள நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வட்ஸ்அப்பைத் திறந்தால், கட்டாரிலும் சவூதியிலும் தொழில் புரியும் நம் ஊர்ப் பிள்ளைகளின் படங்கள் வரிசையாக வருகின்றன. ஒரு மணல் மேடு, அதன் உச்சியில் பழைய லேண்ட் குரூசர் அல்லது பஜெரோ, பொனட்டில் சாய்ந்தபடி நான்கைந்து பேர். வாரம் முழுவதும் உழைப்பவர்கள் விடுமுறை நாளில் வெளியே போவதில் பிழையில்லை. ஆனால் அந்த வாகனத்தை எப்படிப் பார்த்து வாங்கினார்கள், மணலில் ஓட்ட யாரிடம் பழகினார்கள் என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்பதில்லை. ஆசிரியர் தொழிலுக்கு வருமுன் சில வருடங்கள் கட்டாரில் வேலை செய்தவன் என்ற வகையில், இவ்விரண்டு விடயங்களையும் விளக்கமாகச் சொல்வது பயனளிக்கும் எனக் கருதுகிறேன்.

நம் நாட்டில் வரியும் இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்து நல்லதொரு ஜீப்பைச் சாதாரண குடும்பத்துக்கு எட்டாத பொருளாக்கி விட்டன. வளைகுடாவில் அதே வாகனத்தின் பழைய மாதிரியைச் சில மாதச் சம்பளத்தில் வாங்கலாம். ஆசை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அங்குள்ள வாகனங்களுக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். நாடு திரும்பும்போது கொண்டுவர முடியாது. ஆகவே அதைச் சொத்தாக நினைக்காமல் செலவாகவே கணக்கிட வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

உயரமாக இருக்கும் எல்லா வாகனமும் மணலுக்கு ஏற்றதல்ல. தனியான செசி, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பு, மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் ‘லோ ரேஞ்ச்’ கியர் ஆகிய மூன்றும் இருப்பது நல்லது. 1990 முதல் 1997 வரை வந்த 80 வரிசை லேண்ட் குரூசரும், 1997இல் அறிமுகமான வை61 நிஸான் பட்ரோலும் இன்றும் பாலைவனத்தில் விரும்பப்படுவதற்கு இதுவே காரணம். உதிரிப்பாகம் கிடைக்கும், கராஜ்களில் வேலை தெரிந்தவர்களும் உண்டு.

வாகனத்தைப் பார்க்கப் போகும்போது, எஞ்சினை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால்தான் உண்மை தெரியும். நீல நிறப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. எஞ்சின் சூடான பின்பும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள் கசிவதாகச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீரில் எண்ணெய்ப் படலம் உள்ளதா என்றும் பாருங்கள். பிறகு ஏசியைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டி, வெப்பமானியைக் கவனியுங்கள். வீதியிலேயே சூடேறும் வாகனம் மணலில் நிச்சயம் நின்றுவிடும்.

அடுத்து வாகனத்தின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். செசியில் வளைவு, புதிய வெல்டிங், அடிப்பகுதியில் நசுங்கல் இருந்தால், முந்திய உரிமையாளர் மேடுகளில் பாய விட்டிருக்கிறார் என்று பொருள். போர் வீலையும் லோ ரேஞ்சையும் மணல் தரையில் போட்டுப் பாருங்கள். ‘வேலை செய்யும்’ என்ற வாய்ப்பேச்சு போதாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. வளைகுடா வெயிலில் டயரின் ரப்பர் சீக்கிரம் இறுகி வெடிப்பு விடும். ஐந்து வருடம் தாண்டிய டயரை, தடங்கள் ஆழமாகத் தெரிந்தாலும், மாற்றி விடுவதே பாதுகாப்பு.

இஸ்திமாராவிலுள்ள இலக்கமும் செசி இலக்கமும் ஒன்றா, செலுத்தாத அபராதமோ கடனோ உண்டா என்பவற்றைப் பணம் கொடுக்குமுன் உறுதிப்படுத்துங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்து விடாமல், டயர், பெட்டரி, ரேடியேட்டர், குழாய்கள் ஆகியவற்றுக்கென நான்கில் ஒரு பங்கையாவது ஒதுக்குங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் வாகனத்துக்கு ஏற்படும் சேதத்தை ஈடுசெய்யாது. முழுக் காப்புறுதியிலும் பாலைவன ஓட்டம் அடங்குமா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணலில் ஓட்டும் முறை

முதற்பாடம் டயர் காற்று. தார் வீதியில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை இருக்கும் அழுத்தத்தை, மணலில் இறங்குமுன் 15 முதல் 18 வரை குறைக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் ஒட்டகத்தின் பாதம்போல் விரிந்து, பாரத்தை அதிக இடத்தில் பரப்பும். அதனால் சக்கரம் புதையாது. மிகவும் குறைத்தால் கூர்மையாகத் திருப்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். வீதிக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடிக்காமல் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். எனவே சிறிய கம்ப்ரஸர் ஒன்று கட்டாயம் தேவை.

மணலில் சக்கரம் சுழல்கிறது, வாகனம் நகரவில்லை என்றால் உடனே அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். மேலும் மிதித்தால் சக்கரம் குழி தோண்டி, செசி மணலில் குந்திவிடும். வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் சக்கரங்களின் முன்னும் பின்னும் மணலை வாரி, காற்றை இன்னும் சற்றுக் குறைத்து முயலுங்கள்.

உயிராபத்து அதிகம் உள்ள இடம் மேடுகள். காற்று வரும் பக்கத்தில் சரிவு மெதுவாகவும் மணல் இறுகியும் இருக்கும். மறுபக்கம் 30 பாகைக்கு மேல் சரிந்து, மணல் இளகியிருக்கும். கட்டாரில் ஷமால் காற்று வடமேற்கிலிருந்து வீசுவதால், செங்குத்தான சரிவுகள் பெரும்பாலும் தென்கிழக்கைப் பார்த்திருக்கும். உச்சிக்கு அப்பால் என்ன உள்ளதென்று தெரியாமல் வேகமாகத் தாண்டுவது மிகவும் ஆபத்தானது. நண்பகலில் நிழல் விழாததால் பள்ளமும் மேடும் ஒன்றுபோலத் தெரியும். காலையும் மாலையுமே ஓட்டுவதற்கு நல்லது. ஏற முடியாமல் நின்றுவிட்டால் திருப்ப முயலாதீர்கள். நேராகப் பின்னால் இறங்குங்கள். குறுக்காகத் திரும்பும் வாகனம் உருண்டுவிடும். இறங்கும்போதும் தாழ் கியரில், கடுமையாகப் பிரேக் பிடிக்காமல், நேராகவே இறங்க வேண்டும்.

ஸப்கா எனப்படும் உப்புத் தரை இன்னொரு பொறி. மேலே காய்ந்த ஓடு, கீழே சேறு. கட்டாரின் கோர் அல் உதைத் போன்ற கடலோர இடங்களில் பழைய தடத்தை விட்டு விலகினால் வாகனம் அச்சுவரை அமிழ்ந்துவிடும்.

மீறக்கூடாத விதிகள்

ருப்உல் காலி பாலைவனத்தின் பரப்பு சுமார் 650,000 சதுர கிலோமீற்றர். அதாவது இலங்கையைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. அங்கே தொலைபேசிச் சமிக்ஞையை நம்பிப் போக முடியாது. எனவே ஒற்றை வாகனத்தில் ஒருபோதும் செல்லாதீர்கள். இரண்டு குறைந்தபட்சம், மூன்று சிறந்தது. அவற்றில் ஒன்றையாவது அனுபவமுள்ளவர் ஓட்ட வேண்டும்.

குடிநீரை ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றருக்குக் குறையாமலும், திரும்பும் நாளுக்கு மேல் ஒரு நாளுக்கும் சேர்த்தும் எடுங்கள். மணலில் எரிபொருள் வீதியைவிட மிக அதிகமாகச் செலவாகும். மண்வெட்டி, இழுக்கும் பட்டி, தீயணைப்புக் கருவி ஆகியன வேண்டும். பட்டியை டிரெய்லர் கொழுவும் உருண்டையில் மாட்டாதீர்கள். அது உடைந்தால் குண்டுபோல் பறந்து ஆளைக் கொல்லும். செசியிலுள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். ஓடும் நேரம் முழுவதும் எல்லோரும் சீட் பெல்ட் அணிந்திருக்க வேண்டும். கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியஸைத் தாண்டும். நவம்பர் முதல் மார்ச் வரையே ஏற்ற காலம்.

வாகனம் பழுதானால் அதைவிட்டு நடந்து போகாதீர்கள். அது நிழல் தரும். தேடுபவர்களின் கண்ணுக்கும் மனிதனைவிட எளிதில் தெரியும். அவசர இலக்கங்கள்: கட்டாரிலும் அமீரகத்திலும் 999, குவைத்தில் 112, ஓமானில் 9999, சவூதியின் ரியாத், மக்கா, கிழக்கு மாகாணங்களில் 911.

மாதாமாதம் அவர் அனுப்பும் பணத்தில்தான் தம்பி தங்கைகளின் படிப்பும், கட்டிக்கொண்டிருக்கும் வீடும், வாப்பாவின் மருந்தும் நடக்கின்றன. ஆகவே அவர் பாலைவனம் போவதாகச் சொன்னால், வீட்டிலிருப்போர் கோபிக்காமல் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: எத்தனை வாகனம் போகிறது? எந்த இடத்துக்கு? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? அந்த நேரம் தாண்டியும் அழைப்பு வராவிட்டால் யாரை அழைப்பது என்பதையும், அங்குள்ள நண்பர் ஒருவரின் இலக்கத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜீப் வாங்க எண்ணியிருக்கும் தம்பிமார் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பணம் கைமாறுமுன் இதை அவர்களுக்கு அனுப்பி விடுங்கள்.