நின்றால் நடுங்கும் கார்! காரணம் என்ன?

கார் ஓடும்போது நன்றாக ஓடுகிறது. நின்றால் நடுங்குகிறது! எஞ்சின் 'தட... தட...' என்று உதறுகிறது. சில நேரம் தானாகவே அணைந்தும் விடுகிறது.

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி வரும் தொல்லை இது. "எஞ்சின் போய்விட்டது. இனி ஆயிரக்கணக்கில் செலவுதான்" என்று பலர் பயந்து விடுகிறார்கள்.

பயம் வேண்டாம். பல நேரங்களில் சில நூறு ரூபாய் சாமான்தான் காரணமாக இருக்கும்.

காது கொடுத்துக் கேளுங்கள்

ராயகிரி போன்ற ஊர்களில் விவசாயிகளுக்கு எஞ்சின் புதிது அல்ல. கிணற்றடியில் ஆயில் எஞ்சின் ஓடிய காலத்தில், வரப்பில் நின்றபடியே சத்தத்தை வைத்துக் கோளாறு சொன்னவர்கள் உண்டு. காருக்கும் அதே காதுதான் வேண்டும்.

மாருதி 800 காரை எடுத்துக் கொள்வோம். 1983-ம் ஆண்டு டிசம்பரில் வந்த கார் இது. 2014-ம் ஆண்டு உற்பத்தி நின்றுவிட்டது. இதன் எஞ்சினில் 3 சிலிண்டர்கள் உண்டு.

ஒரே உரலில் 3 பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் போன்றது இதன் ஓட்டம். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் 400 தடவை பெட்ரோல் வெடிக்கும். மூன்றிலும் சேர்த்து 1,200 தடவை! ஒரு உலக்கை தவறினாலும் தாளம் கெட்டுவிடும். அதுதான் நடுக்கம்.

சத்தம் விட்டு விட்டுக் கேட்டால், ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். சத்தம் சீராக இருந்து, வண்டி மட்டும் அதிர்ந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

பார்க்க வேண்டியது மூன்று

பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று, பெட்ரோல், தீப்பொறி மூன்றும் சரியாகக் கிடைக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு சோதனையைத் தொடங்குங்கள்.

முதலில் ஏர் பில்டர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். புழுதி எம்மாத்திரம்? அது பில்டரை அடைத்துவிடும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேசாகத் தட்டினால் தூசி உதிரும். காகித பில்டரைத் தண்ணீரில் கழுவக்கூடாது. மிகவும் கறுத்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, ரப்பர் குழாய்களும் ஒயர்களும். குழாயில் வெடிப்பு இருந்தால், அதன் வழியாகக் காற்று புகுந்து எஞ்சினைத் தடுமாற வைக்கும். எஞ்சின் ஓடும்போது 'உஸ்' என்ற சத்தமும் கேட்கலாம். வயல் பக்கம் நிற்கும் காரில் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, ஸ்பார்க் பிளக். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒயர்கள் இடம் மாறக்கூடாது. முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது. வெளுத்திருந்தால் சூடு அதிகம். திரும்ப மாட்டும்போது முதலில் கையால் திருக வேண்டும். எடுத்தவுடன் ஸ்பேனர் போட்டால் மரை கெட்டுவிடும்.

திருகை முறுக்காதீர்கள்!

கார்புரேட்டர் உள்ள பழைய கார்களில், நடுக்கம் வந்ததும் திருகை முறுக்கி வேகத்தைக் கூட்டுவது பலருக்குப் பழக்கம். நடுக்கம் குறையும். ஆனால் கோளாறு போகாது. பெட்ரோல்தான் வீணாகும்!

இப்போது வரும் கார்களில் பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் கவனிக்கிறது. அதில் கை வைக்க வேண்டாம். எஞ்சின் விளக்கு விடாமல் எரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அணைந்து அணைந்து எரிந்தால், ஓரமாக நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால், புகையைச் சுத்தம் செய்யும் சாதனம் கெட்டுவிடும். அதன் விலை அதிகம்.

உயிருக்கு ஆபத்து!

பூட்டிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கவே கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை மயக்கிக் கொன்றுவிடும். காரை வெளியே தள்ளி, காற்றோட்டமான இடத்தில் நிறுத்திய பிறகே எஞ்சினை ஓட்டுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக்கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

வாரம் 10 நிமிடம்

எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், டயர் காற்று ஆகிய நான்கையும் வாரம் ஒரு முறை பாருங்கள். 10 நிமிடம் போதும். பிரேக் ஆயில் குறைந்திருந்தால் மட்டும் உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குக் குடும்பத்தோடு காரில் புறப்படுகிறவர்கள், முதல் நாளே இவற்றைப் பார்த்துவிடலாம். வழியில் நின்று தவிக்க வேண்டியிருக்காது. மெக்கானிக்கிடம் போக நேர்ந்தாலும், என்ன கோளாறு என்று சொல்லத் தெரியும். வீண் செலவும் மிச்சம்!